இன்னும் எத்தனை மேட்ச் பாக்கி?

ஒரு மனிதருக்கு வேலை போனதற்காக நான் அரை கிலோ மைசூர்பாகு வாங்கியிருக்கிறேன். 2014 ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை. எங்கள் இங்கிலாந்துக் கால்பந்து டீம் மான்செஸ்டர் யுனைடெட், மேனேஜர் என்று அங்கே சொல்லும் தலைமைப் பயிற்சியாளர் டேவிட் மோயஸை நீக்கிவிட்டது என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் செய்தி வந்தது. அப்போது மாதவரத்தில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். டிபன் பாக்ஸை மூடிக்கூட வைக்கவில்லை. எதிர்க் கடைக்கு ஓடிப்போய் வாங்கிவந்து ஒவ்வொரு மேசையாக நீட்டினேன். "என்னப்பா, குழந்தையா?" என்றார் எங்கள் மேனேஜர். "இல்ல சார், மேனேஜரைத் தூக்கிட்டாங்க" என்றேன். கையில் எடுத்த துண்டை அவர் ஒரு நொடி அப்படியே வைத்திருந்தார். எதற்கு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கால்பந்து பார்க்காதவர்களுக்காக முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலெக்ஸ் ஃபெர்குசன் 26 வருஷத்துக்கு மேல் யுனைடெடை நடத்தி, 2013-ல் 89 புள்ளியோடு கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். அவர் கைகாட்டிய ஆள்தான் எவர்டன் கிளப்பில் 11 வருஷம் மேனேஜராக இருந்த மோயஸ். ஆறு வருஷ ஒப்பந்தம். ஒரு சீசன்கூட முடியவில்லை. மார்ச் மாதமே ரசிகர்கள் காசு வசூலித்து, அவரைப் போகச் சொல்லும் பேனரோடு மைதானத்துக்கு மேலே விமானம் பறக்கவிட்டார்கள். ஏப்ரல் 20 ஈஸ்டர் ஞாயிறு, அவருடைய பழைய எவர்டன் மைதானத்திலேயே 2-0 தோல்வி. நண்பன் வீட்டு மொட்டை மாடி அறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பார்த்தோம். மோயஸின் முதுகுக்குப் பின்னால் எவர்டன் ரசிகர் ஒருவர் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு, கையில் நீள அரிவாளோடு எமன் வேஷத்தில் நின்றார். நம் ஊரில் என்றால் எருமையையும் ஓட்டிக்கொண்டு வந்திருப்பார்கள் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் டீம்தான் தோற்றுக்கொண்டிருந்தது. ஆனாலும் சிரித்தோம். தோல்வி பழகிப்போன ரசிகன், ஒரு கட்டத்துக்கு மேல் தன் டீம் தோற்கவேண்டும் என்றே காத்திருப்பான். இன்னும் இரண்டு தோற்றால் ஆளைத் தூக்கிவிடுவார்கள் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். அந்தக் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தால் இரண்டு வாரம் மேட்ச் பார்க்காமல் இருப்பது நல்லது. நான் இருக்கவில்லை.

செய்தி வந்த அன்று சாயங்காலம் பெரம்பூரில் டீக்கடை. நாளை மறுநாள் நாடாளுமன்றத் தேர்தல் என்பதால் பிரசாரத்துக்கு அதுதான் கடைசி நாள். ஆறு மணியோடு மைக் எல்லாம் அடங்கி, தெருவே காது அடைத்தது போல இருந்தது. அந்த அமைதியில் நான் மட்டும் கத்திக்கொண்டிருந்தேன். பெஞ்சில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஏரியாவில் பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறவர். ரயில்வேயில் வேலை பார்த்து, ரயில்வேக்காக ஆடி, ஓய்வு பெற்றவர். கோச் என்று யாரும் கூப்பிட்டதில்லை, மாஸ்டர்தான். முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னும் எத்தினி மேட்ச் பாக்கி?"

"நாலு, மாஸ்டர்."

"நாலு மேட்ச்சுல புதுசா வர்றவன் இன்னா பண்ணுவான்? பசங்க பேரை மனப்பாடம் பண்றதுக்கே ரெண்டு போயிடும்."

வரப்போகிறவர் ரயன் கிக்ஸ், அதே டீமில் இருபது வருஷத்துக்கு மேல் ஆடுகிறவர், பேரெல்லாம் அவருக்குத் தெரியும் என்று நான் விளக்கினேன். மாஸ்டர் கிளாஸைக் கழுவ வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

முதல் மேட்ச், சனிக்கிழமை, நார்விச்சோடு 4-0. ரூனி இரண்டு, மாட்டா இரண்டு. வானத்துக்கும் பூமிக்கும் குதித்தோம். அடுத்தது சொந்த மைதானத்திலேயே சண்டர்லேண்டிடம் 1-0 தோல்வி. அப்புறம் ஹல் சிட்டியோடு 3-1 வெற்றி, கடைசியில் சவுத்தாம்ப்டனோடு 1-1. மொத்தம் 7 புள்ளி, 7-வது இடம். கணக்கு எழுதுகிறவன் என்பதால் ஒருநாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மோயஸ் 34 லீக் ஆட்டத்தில் 57 புள்ளி எடுத்திருந்தார். ஆட்டத்துக்கு 1.68. கிக்ஸ் 4 ஆட்டத்தில் 7, அதாவது 1.75. மைசூர்பாகு வாங்கும் அளவுக்கு அதில் வித்தியாசம் இல்லை.

யார் எப்போது நீக்கப்பட்டாலும் இந்தச் சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்பேன். போனவர் எடுத்த புள்ளியை ஆட்ட எண்ணிக்கையால் வகுத்து, மிச்சமுள்ள ஆட்டத்தோடு பெருக்குங்கள். அது அவரே இருந்திருந்தால் ஏறக்குறைய வந்திருக்கும் புள்ளி. புதியவர் அதற்குமேல் எவ்வளவு எடுத்தால் உங்கள் டீம் ஒரு இடமாவது மேலே ஏறும்? நாலு மேட்ச்சில் அதிகபட்சம் 12 புள்ளிதான் கிடைக்கும். பெரும்பாலும் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் கோபமும் குறையும், கொண்டாட்டமும் குறையும்.

அப்படியானால் கிளப் எதற்கு அவசரப்படுகிறது என்பது அடுத்த கேள்வி. மோயஸ் விஷயத்தில் பதில் ஒப்பந்தத்தில் இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. எவர்டன் தோல்வியோடு, ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் ஆடும் சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற வழியே இல்லை என்று ஆனது. அந்த நிலையில் நீக்கினால் மிச்ச ஐந்து வருஷத்துக்கும் சம்பளம் கொடுக்கவேண்டாம், ஒரு வருஷத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்தாம். அவருக்கும் உடனிருந்த பயிற்சியாளர்களுக்கும் சேர்த்து 52 லட்சம் பவுண்டு கொடுத்ததாகக் கிளப்பின் அந்த வருஷக் கணக்கில் வந்தது. யுனைடெட் நியூயார்க் பங்குச்சந்தையில் இருக்கிற கம்பெனி. செய்தி வந்த அன்றே பங்கு விலை ஏறியது. ஞாயிறு தோல்வி, செவ்வாய் நீக்கம் என்று பார்க்கும்போது ரசிகன் கத்தினதால் தூக்கினார்கள் என்று தோன்றும். எனக்கும் அந்தப் பெருமை கொஞ்சநாள் இருந்தது. வக்கீல் தேதி பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

சரி, இதெல்லாம் டிவியில் பார்த்த கதை. நானே ஒருத்தரைத் தூக்கின கதைதான் எனக்கு உண்மையில் பாடம்.

2018 மே. பள்ளி விடுமுறையில் எங்கள் பக்கம் செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால் டோர்னமெண்ட் நடக்கும். லீக்கில் ஐந்து ஆட்டம், முதல் நாலு டீம் செமிக்கு. மூன்று ஆட்டம் முடிந்து எங்களுக்கு ஒரு வெற்றி, இரண்டு தோல்வி. எங்கள் டீமின் நல்ல ஃபார்வர்டு ஒரு பையன், அவனை மாஸ்டர் முதலில் இறக்கமாட்டேன் என்கிறார். காலைப் பயிற்சிக்கு வராதவன் வெளியேதான் உட்காரவேண்டும் என்பது அவர் சட்டம். பையனோ நைட் ஷிப்ட் வேலை. விடியற்காலை எப்படி வருவான்? இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் தோற்றுக்கொண்டிருக்கும்போது ஒரு பக்க நியாயம்தான் காதில் விழும். கமிட்டி என்று நாங்கள் நாலு பேர். கணக்குப் பார்க்கிறவன் என்பதால் நான் பொருளாளர். அதே மொட்டை மாடியில் இருபது நிமிஷம் பேசினோம். மாஸ்டர் வேண்டாம், மிச்ச இரண்டு மேட்ச்சைப் பசங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு. யார் சொல்வது? எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் போய்ச் சொல்லவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "மாஸ்டர், ரெண்டு மேட்ச்சுக்கு நீங்க ரெஸ்ட் எடுங்க. பசங்க பாத்துக்குவாங்க." இரண்டு நீல டிக். பதில் இல்லை. அவர் வீடு என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அவருடைய பேரன் வந்து ஸ்டோர் ரூம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். கதவைத் திறந்தால் பந்து, வலை, கோன் எல்லாம் இருக்கிறது. ஆறு பந்திலும் காற்று குறைவு. பம்ப் இருக்கிறது, பம்பில் செருகும் பின் இல்லை. மூலை முடுக்கெல்லாம் தேடினோம். கடைசியில் அண்டர்-12 பையன் ஒருத்தன், "அது மாஸ்டர் சட்டைப் பாக்கெட்ல இருக்கும்ணா, தீப்பெட்டில" என்றான். அப்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது. காலி தீப்பெட்டிக்குள் தேங்காய் எண்ணெய் நனைத்த பஞ்சு, அதன்மேல் படுத்திருக்கும் அந்தப் பின். எண்ணெய் தொடாமல் குத்தினால் வால்வு கிழிந்துவிடும், பந்து இரண்டு மாசத்தில் குப்பைக்குப் போகும். வருஷக்கணக்காக அவர் அதைச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் கவனித்ததில்லை. ஸ்போர்ட்ஸ் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். சைக்கிள் கடைக்காரர் கையை விரித்தார். இட்லி மாவு மாதிரி அமுங்குகிற பந்தை வைத்து வார்ம்-அப் செய்தோம்.

நாலாவது மேட்ச் ஜெயித்தோம், 2-0. நைட் ஷிப்ட் பையன்தான் இரண்டும் போட்டான். அன்று எங்களைப் பிடிக்க முடியவில்லை. யார் சொன்னது மாஸ்டர் வேண்டும் என்று! ஐந்தாவது மேட்ச்சில் அதே பையன் இடைவேளைக்கு முன்பே களைத்துவிட்டான். வெளியே எடுக்கவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், எடுக்கிற அதிகாரம் யாருக்கும் இல்லை. அவனுக்காகத்தானே மாஸ்டரையே அனுப்பினோம்? 3-1 தோல்வி. செமி போச்சு.

டோர்னமெண்ட் போனது பெரிசில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது காலையில் வந்துகொண்டிருந்த பதினைந்து இருபது பொடியன்கள் ஐந்தாகி, அப்புறம் இரண்டானார்கள். அவர்களைத் தூங்கவிடாமல் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டது யார், கோடு போடச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது, எங்கள் டீமுக்கு மட்டும் என்ட்ரி ஃபீஸைத் தவணையில் கட்டவிட்டது யார் முகத்துக்காக என்று ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. அடுத்த வருஷம் முழுப் பணமும் முன்கூட்டியே கட்டினோம். என் நோட்டில் அது இருக்கிறது.

ஆகஸ்டில்தான் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க என்று சொல்லிக்கொண்டு போனேன், பேச்சு வரவில்லை. என்னமோ உளறி, அந்தப் பின் இல்லாமல் கஷ்டப்பட்டதைச் சொன்னேன். "கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, தம்பி" என்றார். அவர் வீட்டம்மா காபி கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

ஏரியா டீம், ஆபீஸ் டீம், அபார்ட்மெண்ட் டீம் நடத்துகிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது என்று எனக்குப் படுவதைச் சொல்கிறேன். ஆளை அனுப்புவதற்கு முன் அவர் காலையிலிருந்து என்னென்ன செய்கிறார் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் இருப்பதிலேயே சின்னப் பையனைக் கேளுங்கள். நேரில் போய்ச் சொல்லுங்கள், பகலில். சாவி, பின், போன் நம்பர்கள் எல்லாம் கை மாறுவதற்கு ஒரு வாரம் விடுங்கள். இரண்டு மூன்று மேட்ச்தான் பாக்கி என்றால் சீசன் முடியட்டும், பிறகு பேசலாம். பசங்கள் மேல் கை வைக்கிறார், பணத்தில் கை வைக்கிறார் என்றால் அது வேறு. அதற்கு ஒரு மேட்ச்கூடக் காத்திருக்கக் கூடாது.

நம் ஊர் கிளப் 'சென்னையின் எஃப்சி' விஷயத்தில் இரண்டு விதமும் பார்த்தாயிற்று. பயிற்சியாளர் ஜான் கிரிகரி 2018 மார்ச்சில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வாங்கிக் கொடுத்தார். அடுத்த சீசனில் 18 ஆட்டத்தில் வெறும் 9 புள்ளி, கடைசி இடம். நேரு ஸ்டேடியத்தில் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் கூட்டம் குறைந்துகொண்டே போனது. ஆனாலும் சீசன் நடுவில் அவரை விடவில்லை. அந்த ஏப்ரலில் சூப்பர் கப் ஃபைனல் வரை டீமைக் கொண்டுபோனார். அதற்கடுத்த சீசனில் ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றி என்றானதும் அவரே விலகிவிட்டார். ஓவன் கோய்ல் வந்தபோது லீக்கில் இன்னும் 12 ஆட்டம் இருந்தது. 4-வது இடம் பிடித்து, 2020 பிப்ரவரி 29 அன்று செமியின் முதல் ஆட்டத்தில் நேரு ஸ்டேடியத்தில் கோவாவை 4-1 அடித்தோம். நான் அங்கே இருந்தேன், இரண்டு நாள் தொண்டை இல்லை. ஃபைனலில் கொல்கத்தா டீம் ஏடிகேவிடம் தோற்றோம். கொரோனா வந்துவிட்டதால் ஆள் இல்லாத ஸ்டேடியத்தில் நடந்த மேட்ச் அது.

2022-ல் தலைகீழ். முழு லீக்கும் கோவாவில், பூட்டிய ஸ்டேடியங்களில் நடந்துகொண்டிருந்தது. பிப்ரவரி 9 அன்று எஃப்சி கோவாவிடம் 5-0. சில நாளில் பயிற்சியாளர் போஜிதார் பாந்தோவிச் நீக்கம். பொறுப்பு சையத் சாபிர் பாஷாவுக்கு. இந்தியன் வங்கிக்கு ஆடியவர், நம்ம ஊர் ஆள், அதனால் மனசு முழுக்க அவர் பக்கம்தான். எத்தனை மேட்ச் பாக்கி என்று எண்ணினேன். நாலு. வாட்ஸ்அப் குரூப்பில் பட்டாசு பொம்மைகள் வந்து கொட்டின, நான் ஒன்றும் போடவில்லை. அந்த நாலில் ஒன்றிலும் ஜெயிக்கவில்லை, 8-வது இடத்தில் முடித்தோம். அதற்குப் பாஷாவைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஹோட்டல் அறையில் அடைபட்டு மாசக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்த பசங்களை நாலு மேட்ச்சில் யார் தூக்கி நிறுத்துவார்கள்?

இந்தப் பேச்சை எடுத்தால் எங்கள் கூட்டத்தில் உள்ள செல்சி ரசிகன் சட்டென்று 2012-க்குப் போவான். மார்ச்சில் வில்லாஸ் போவாஸைத் தூக்கினார்கள், உதவிப் பயிற்சியாளராக இருந்த தி மத்தேயோ வந்தார், மே 19-ல் மியூனிக்கில் பயர்னையே தோற்கடித்துச் சாம்பியன்ஸ் லீக் வாங்கினார் என்பான். உண்மைதான், மறுக்க முடியாது. ஆனால் அதே தி மத்தேயோவை நவம்பரில் தூக்கினார்கள் என்பதை அவன் சொல்லமாட்டான், நான்தான் சொல்லவேண்டும். 2023 மே மாதம் நாலு ஆட்டம் இருக்கும்போது லீட்ஸ் கிளப், சாம் அலர்டைஸைக் கூட்டிவந்து, ஒரே ஒரு புள்ளியோடு கீழ் டிவிஷனுக்குப் போனதையும் சொல்வேன். டாட்டன்ஹாம் ரசிகனை மட்டும் கிண்டல் செய்வதில்லை. 2021-ல் லீக் கப் ஃபைனலுக்கு ஆறு நாள் இருக்கும்போது மொரினியோவை அனுப்பிவிட்டு, 29 வயசு ரயன் மேசனை நிறுத்தி, 1-0 தோற்றார்கள். கல்யாணத்துக்கு ஆறு நாள் முன்னால் சமையல்காரரை மாற்றுகிற வீடு அது. அவர்களுக்கு ஏற்கெனவே போதும்.

இப்போதெல்லாம் நீக்கச் செய்தி வந்தால் அன்று ராத்திரி குரூப்பில் எதுவும் எழுதுவதில்லை. புது ஆள் பேர் போட்ட சட்டைக்கோ பேனருக்கோ வசூல் வந்தால் ஐந்து மேட்ச் போகட்டும் என்பேன். முதல் வெற்றியை நம்புவதில்லை, மூன்றாவது மேட்ச்சில்தான் முகம் தெரியும். வருகிறவர் உள்ளே இருந்தவரா, வெளியிலிருந்து வருகிறவரா என்று பார்ப்பேன். உள்ளே இருந்தவர் என்றால் பழைய தோல்வியில் அவருக்கும் பங்கு உண்டு. போனவரைப் பற்றி ஒரு மாசம் கழித்து ஆட்டக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்றும் தேடிப் படிப்பேன். அன்றைக்கே சொல்வது எல்லாம் மாலை மரியாதைதான். மோயஸ், 2023-ல் வெஸ்ட் ஹாம் கிளப்புக்கு ஐரோப்பிய அளவிலான கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையே வாங்கிக் கொடுத்தார். அன்று ராத்திரி மைசூர்பாகு ஞாபகம் வந்தது.

மாஸ்டருக்கு இப்போது முழங்கால் வலி, மைதானத்துக்கு வருவதில்லை. டீக்கடைக்கு மட்டும் வருவார். 2024 அக்டோபர் 28, தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், யுனைடெட் தன் மேனேஜர் எரிக் டென் ஹாகைத் தூக்கியது. கடையில் அவரைப் பார்த்ததும் நானே சொன்னேன்.

"இன்னும் எத்தினி மேட்ச் பாக்கி?"

"இருபத்தொம்போது, மாஸ்டர்."

"அப்ப டைம் இருக்கு" என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

டென் ஹாக் போகும்போது டீம் 14-வது இடத்தில் இருந்தது. 29 மேட்ச்சும் ஆடி, 15-வது இடத்தில் முடித்தது. மே மாதக் கடைசியில் அதைச் சொன்னபோது மாஸ்டர் கொஞ்சநேரம் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா கிளப்பு தம்பி அது?" என்றார்.